கொடி இறங்கிய மாலை

அடையாறு கடலைச் சேரும் முகத்துவாரத்துக்கு வடகரையில், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரைத் தாங்கிக்கொண்டிருக்கும் ராஜா அண்ணாமலைபுரத்தைச் செய்தித் தொழிலின் கேந்திரம் என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. கார்த்திகை பிறந்தால் ஐயப்பன் கோயிலுக்கு மாலையணிந்து வருகிற பக்தர்களும், முகூர்த்த நாட்களில் எம்.ஆர்.சி. நகர் மண்டபங்களில் காரை விட்டு இறங்குகிற விருந்தாளிகளுமே அந்தப் பேட்டையின் ஆரவாரம். ஆனாலும் அங்கே முளை அடித்து நாலு மைல் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டால், தமிழ்நாட்டுச் செய்தியின் கடந்த அரை நூற்றாண்டுச் சரித்திரத்தில் கணிசமான பகுதி அதற்குள் அடங்கிவிடும். எம்.ஆர்.சி. நகரிலேயே முரசொலி மாறன் பெயரால் நிற்கும் சன் டி.வி.யின் கட்டடம், வடக்கே கடற்கரைச் சாலையில் வானொலி நிலையம், மயிலாப்பூரில் ஆலிவர் சாலை, ஆழ்வார்பேட்டையில் காவேரி மருத்துவமனை, ராயப்பேட்டையில் அ.தி.மு.க. தலைமைக் கழகம்; அதற்கும் அப்பால் கிரீம்ஸ் சாலையில் அப்போலோ மருத்துவமனை. நான் சொல்லப் போகும் விஷயங்களில் பல இந்த வட்டத்துக்குள் நடந்தவையே.

2016ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி, திங்கட்கிழமை, மாலை 5.30 மணி சுமாருக்கு, தமிழ்ச் செய்திச் சானல்கள் சிலவற்றில் முதலமைச்சர் ஜெயலலிதா காலமானார் என்ற செய்தி சிவப்புப் பட்டையில் ஓடத் தொடங்கியது. அப்போலோவில் சிகிச்சையில் இருந்த அவருக்கு முதல் நாள் மாலை இதயம் நின்று உயிர்காக்கும் கருவியின் துணையில் வைக்கப்பட்டிருந்தது எல்லோருக்கும் தெரிந்த சமாசாரமாதலால், அந்தச் செய்தியைச் சந்தேகிக்க ஜனங்களுக்கு முகாந்தரம் ஏதும் இருக்கவில்லை. கிரீம்ஸ் சாலையில் கூடியிருந்த கூட்டத்திலிருந்து ஓலம் எழுந்தது. கட்சித் தலைமைக் கழகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. சற்று நேரத்துக்கெல்லாம், டி.வி.யில் வருவது ஆதாரமற்ற பொய் என்றும், முதல்வர் இன்னும் உயிர்காக்கும் கருவிகளோடு சிகிச்சையில்தான் இருக்கிறார் என்றும் மருத்துவமனை ட்விட்டரில் மறுப்பு வெளியிட்டது. இறங்கிய கொடி மறுபடியும் ஏறியது. இரவு 11.30க்கு அவர் உயிர் பிரிந்தது என்ற அதிகாரபூர்வமான அறிக்கை நள்ளிரவு கடந்த பிறகே வந்தது. எந்தெந்தச் சானல் அவசரப்பட்டது என்று ஜாபிதா எழுதுவது என் நோக்கமன்று. அந்த அவசரம் எப்படி உண்டாயிற்று என்பதே இங்கு கவனிக்கத் தக்கது.

செய்தி அறை ஒன்றினுள் எப்போதாவது நுழைந்திருப்பவர்களுக்குச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் டி.வி. பெட்டிகள் நினைவிருக்கும். அவற்றில் ஓடுவது சொந்தச் சானல் மட்டுமல்ல. போட்டிச் சானல்கள் அத்தனையும் சத்தம் அடக்கப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும், ஒருவராவது அவற்றின்மேல் வைத்த கண் வாங்காமல் உட்கார்ந்திருப்பார். ஒரு பெட்டியில் சிவப்புப் பட்டை விழுந்தவுடன் மருத்துவமனை வாசலில் நிற்கும் நிருபருக்குத் தொலைபேசி போகும். "அவங்க போட்டுட்டாங்க, நம்மகிட்ட ஏன் இல்ல?" என்று டெஸ்க்கிலிருந்து ஒருவர் கேட்பார். "அண்ணே, உள்ளேருந்து இன்னும் யாரும் கன்ஃபர்ம் பண்ணல" என்பார் நிருபர். இதற்குள் இரண்டாவது பெட்டியிலும் பட்டை விழுந்துவிடும். அப்போது, ஊர்ஜிதம் என்ற பெயரால் நடக்க வேண்டிய காரியம் விபரீதமான ஒரு ரூபம் எடுக்கிறது: இரண்டு சானலில் வந்துவிட்டதே, இனி என்ன ஊர்ஜிதம் வேண்டும் என்று மூன்றாவது சானல் எண்ணுகிறது, மூன்றாவதும் போட்டுவிட்டதால் முதல் சானலுக்குத் தன் செய்தியின்மேல் இல்லாத நம்பிக்கையும் பிறந்துவிடுகிறது. இப்படி ஒருவருக்கொருவர் சாட்சியாகிற இந்த மூவரில் நோயாளி இருக்கும் அறைக்குள் ஒருவர்கூட எட்டிப்பார்த்ததில்லை. போதாததற்கு, பெரிய மனிதர் ஒருவர் படுக்கையில் விழுந்த அன்றைக்கே அவருடைய வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பு சோக வாத்தியத்தோடு தயாராகிவிடுவது உலகமெங்கும் உள்ள வழக்கம். 2020 நவம்பரில் பிரெஞ்சு வானொலி நிறுவனமான ஆர்.எஃப்.ஐ., அப்போது உயிரோடிருந்த எலிசபெத் ராணி, கால்பந்து வீரர் பெலே முதலான சுமார் நூறு பேரின் இரங்கல் குறிப்புகளைத் தவறுதலாக ஒரே மூச்சில் வெளியிட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டது.

இவ்வளவையும் சொல்லிவிட்டுச் செய்தியாளர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த மாலைக்கு முன்னால் 74 நாட்கள் கழிந்திருந்தன. செப்டம்பர் 22ஆம் தேதி இரவு அனுமதிக்கப்பட்டவருக்குக் காய்ச்சலும் உடம்பில் நீர்ச்சத்துக் குறைவும் என்று முதலில் சொன்னார்கள். பிறகு வந்த அறிக்கைகள் சில நாள் நீண்டன, சில வாரம் அருகின. பார்க்கச் சென்ற பிரமுகர்கள் மருத்துவர்களைச் சந்தித்ததைத்தான் வாசலில் வந்து சொன்னார்களே ஒழிய, நோயாளியைச் சந்தித்ததைச் சொன்னாரில்லை. ஒரு புகைப்படம்கூட வெளிவரவில்லை. வதந்தி பரப்பினார்கள் என்று பலர்மீது போலீஸார் வழக்குப் போட்டார்கள், சிலர் கைதும் ஆனார்கள். தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு, தெரியாதவர்கள் பேசினால் வழக்குப் போடுகிற ஓர் ஏற்பாட்டில், ஏழரை கோடி ஜனங்களின் கவலை எங்கே போய் நிற்கும்?

இதே அப்போலோவில் 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அனுமதிக்கப்பட்டபோதும் வதந்திகளுக்குக் குறைவிருக்கவில்லை. அவர் நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பிறகு, அவர் உயிரோடிருக்கிறாரா என்ற சந்தேகமே தேர்தல் பிரசாரத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. அப்போது ஆளுங்கட்சி செய்த காரியம் இன்றைக்கும் யோசிக்கத் தக்கது. மருத்துவமனையில் அவர் சாப்பிடுவதையும் பத்திரிகை படிப்பதையும் படமெடுத்துக் கொண்டுவந்து, ஊர் ஊராகத் திரையிட்டுக் காட்டினார்கள். அது ஓட்டுக்காகச் செய்த யுக்திதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிரசாரத்தைப் பரோபகாரமென்று சொல்லும் பேதைமையும் எனக்கில்லை. ஆயினும், உயிரோடிருக்கிறார் என்பதற்கு ஜனங்கள் கேட்டது பிரத்தியட்சமான ஒரு சாட்சி, அது அவர்களுக்குக் கிடைத்தது. சென்னைக்கே வராமல் ஆண்டிபட்டியில் அவர் ஜெயித்தார்.

சர்க்காரின் வாக்கு வந்துவிட்டால் போதுமே, அதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 1979 மார்ச் 22ஆம் தேதியை நினைவூட்ட வேண்டும். பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் ஜெயப்பிரகாஷ் நாராயண் நோயுற்றுக் கிடந்தார். அவர் காலமாகிவிட்டதாகப் பிரதமர் மொரார்ஜி தேசாயே நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அவை அஞ்சலி செலுத்திக் கலைந்தது. அகில இந்திய வானொலி அந்தத் துக்கச் செய்தியைத் தேசத்துக்கெல்லாம் சொல்லிற்று. ஜே.பி.யோ பம்பாயில் உயிரோடிருந்தார்; அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கும் மேலாக ஜீவித்திருந்து, அக்டோபர் 8ஆம் தேதிதான் மறைந்தார். அன்று தனியார் சானல் கிடையாது, கைப்பேசி கிடையாது, ரேட்டிங் கிடையாது. சொன்னவர் பிரதமர், சொன்ன இடம் நாடாளுமன்றம். இருந்தும் செய்தி பொய்.

இன்னொன்று ராஜா அண்ணாமலைபுரத்தின் கிழக்கு வாசலிலேயே நடந்தது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை பட்டினப்பாக்கத்தையும் சீனிவாசபுரத்தையும் சூறையாடிவிட்டுப் போன நாலாம் நாள், 30ஆம் தேதி, இன்னொரு பேரலை வரக்கூடும் என்று மத்திய உள்துறையிலிருந்து எச்சரிக்கை வந்தது. பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தவர்களும், நிவாரணம் கொடுக்க வந்தவர்களும், இருந்ததை இருந்தபடி போட்டுவிட்டுத் தமிழகக் கடற்கரை நெடுகிலும் ஓடினார்கள். அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்றின் ஊகத்தை நம்பி அனுப்பப்பட்ட எச்சரிக்கை அது. அதே நாளில் விஞ்ஞானத் துறை அமைச்சர் கபில் சிபல் அதை ஆதாரமற்றதென்று தள்ளிவிட்டார். ஓர் அமைச்சகம் ஓடச் சொல்ல, இன்னோர் அமைச்சகம் நிற்கச் சொல்ல, நடுவில் நின்ற மீனவப் பெண் எதை நம்புவாள்? கடலடியின் அழுத்தத்தை அளந்து சொல்லும் கருவிகளோடு ஹைதராபாத்தில் ஓர் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் ஏற்பட்டது 2007இல்தான். அதுவரையில் நம்மிடம் வேகம் இருந்தது, ஆதாரம் சேகரிக்கும் கருவி இல்லை.

வேகமே தோஷம் என்று இதிலிருந்து யாரும் தீர்மானித்துவிடக் கூடாது. 1984 அக்டோபர் 31ஆம் தேதி காலை 9.20 மணி அளவில் இந்திரா காந்தி சுடப்பட்டார். அகில இந்திய வானொலி அவருடைய மரணத்தை மாலை 6 மணி சுமாருக்குத்தான் அறிவித்தது. அதற்குப் பல மணி நேரம் முன்பாகவே பி.பி.சி. உலகத்துக்குச் சொல்லிவிட்டது, வங்காளத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே பி.பி.சி.யைக் கேட்டுத்தான் நிலைமையைத் தெரிந்துகொண்டார். பி.பி.சி.யின் டில்லி நிருபர் சதீஷ் ஜேக்கப் அன்று முந்திக்கொண்டது, நேரே மருத்துவமனைக்குப் போய் அங்கே இருந்தவர்களிடம் விசாரித்ததனால். வேகமும் ஊர்ஜிதமும் ஒன்றுக்கொன்று விரோதிகள் என்ற சாக்கு, நடக்க மனமில்லாதவர்கள் சொல்வது.

உணர்ச்சியைப் பற்றியும் நமக்குள் ஒரு மயக்கம் இருக்கிறது. டில்லியிலிருந்து வந்த வானொலிச் செய்தியில் சரோஜ் நாராயணசாமியின் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, யுத்தமானாலும் வெள்ளமானாலும் அந்தக் குரல் நிதானம் இழந்ததே இல்லை என்பது ஒரு ஞாபகம். ஆகவே செய்தி என்றால் உணர்ச்சி கலவாமல் இருக்க வேண்டும் என்று அவர்கள் சாதிப்பார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். 1942இல் மதுரையில் தினத்தந்தியை ஆரம்பித்த சி.பா. ஆதித்தனார், எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி, பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் நின்று, தலைப்பிலேயே கோபமும் பரிதாபமும் தெரியும்படி எழுதச் சொல்லியிராவிட்டால், டீக்கடை பெஞ்சுக்குச் செய்தித்தாள் என்ற வஸ்து வந்து சேர இன்னும் வெகுகாலம் பிடித்திருக்கும். செய்தியில் உணர்ச்சி இருப்பதில் பாதகமில்லை. எந்த உணர்ச்சியை, எங்கே வெட்டி, எத்தனை தரம் காட்டுகிறார்கள் என்பதில்தான் சங்கடம் பிறக்கிறது.

2001 ஜூன் 30ஆம் தேதி விடியுமுன், ஆலிவர் சாலை வீட்டில், 77 வயதான முன்னாள் முதலமைச்சர் கருணாநிதி மேம்பால ஊழல் வழக்கில் கைது செய்யப்பட்டபோது சன் டி.வி.யின் காமிரா அங்கே இருந்தது. முதியவர் ஒருவரைப் போலீஸார் இழுத்துச் செல்வதும் அவர் அலறுவதும் அன்று முழுதும் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாயின, தேசமே அதிர்ந்தது, ஆளுநர் பாத்திமா பீவி பதவியை விட்டு விலகும்வரை விவகாரம் போயிற்று. பிறகு ஆளுங்கட்சி சார்பான ஜெயா டி.வி.யில் போலீஸார் எடுத்த படத் துண்டுகள் வந்தன. அவற்றிலே, தள்ளுமுள்ளு செய்தவர்கள் கருணாநிதியின் தரப்பினர் என்று தோன்றிற்று. இரண்டு படங்களும் அதே வீட்டில், அதே இரவில் எடுக்கப்பட்டவை. ஒன்றில் விட்டுப்போனதுதான் மற்றொன்றின் முழுக் கதையாக இருந்தது. நள்ளிரவில் ஒரு முதியவரைப் படுக்கையறையிலிருந்து கைது செய்ய வேண்டிய அவசியம் என்ன என்ற கேள்வியை எந்தப் படமும் அழித்துவிடவில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் பார்த்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் கட்சிக்கு ஏற்ற படத்தையே பார்த்தார்கள்.

சோகம் மட்டுமல்ல, ஆசையும் செய்தியைப் பொய்யாக்கும். 2020 ஆகஸ்டு 24ஆம் தேதி, எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்குக் கொரோனா நீங்கிவிட்டது என்ற செய்தி பரவி ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது. அது வதந்தி என்று அவர் மகன் சரணே சொல்ல வேண்டியதாயிற்று. செப்டம்பர் 25ஆம் தேதி பாடகர் மறைந்தார்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பரப்பிய 1,26,000 தகவல்களை ஆராய்ந்து, 2018 மார்ச்சில் சயன்ஸ் பத்திரிகையில் எழுதினார்கள். பொய் மறுபடி பகிரப்படுவதற்கான வாய்ப்பு மெய்யைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரை எட்டுவதற்கு மெய்க்குப் பொய்யைப்போல் ஆறு மடங்கு காலம் பிடித்தது. பொய்யைப் படித்தவர்கள் வெளிக்காட்டியவை ஆச்சரியமும் பயமும் அருவருப்பும்; மெய்யைப் படித்தவர்களிடம் தென்பட்டவை துக்கமும் எதிர்பார்ப்பும் மகிழ்ச்சியும் நம்பிக்கையும். ஆகவே மெய்ச் செய்திக்கும் தனக்கென்று உணர்ச்சி இல்லாமல் போகவில்லை; அது மெள்ளப் பற்றுகிற ரகம். இன்னொன்றும் கண்டார்கள்: இந்த வித்தியாசத்துக்கு இயந்திரக் கணக்குகள் காரணமல்ல, மனிதர்களே காரணம். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "வந்தது, அனுப்பினேன்" என்று சொல்லும் நம் மாமாக்களும் சித்தப்பாக்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள்தாம்.

தவறு நேர்ந்த பிறகு என்ன செய்வது என்ற விஷயத்தில் அச்சும் திரையும் வெகுதூரம் பிரிந்துவிட்டன. 2006இல் அண்ணா சாலையிலிருந்து வெளிவரும் ஹிந்து ஆங்கில நாளிதழ், கே. நாராயணன் அவர்களை வாசகர் ஆசிரியராக நியமித்து, பிழைகளுக்கென்று ஒரு பத்தியை நிரந்தரமாக ஒதுக்கிற்று. எந்தத் தேதியில், எந்தத் தலைப்பின் கீழ், எது தவறாக வந்தது, சரியானது எது என்று அதில் அச்சாகும். பெயரில் ஓர் எழுத்து பிசகியதுகூட வரும். காலையில் காபியோடு முதலில் அந்தப் பத்தியைத் தேடிப் படிக்கும் மயிலாப்பூர்வாசிகளை நான் அறிவேன். மற்றவர் பிழையில் மனிதனுக்குள்ள ருசியும் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். டி.வி.யில் அப்படி ஓர் இடம் கிடையாது. தவறான பட்டையை எடுத்துவிட்டு வேறு பட்டை போட்டுவிட்டால் காரியம் முடிந்தது. முந்தையதைப் பார்த்துவிட்டுக் கடையைச் சாத்தியவருக்கும், பஸ்ஸைத் தவறவிட்டவருக்கும், மயங்கி விழுந்தவருக்கும், அது தவறு என்று யாரும் திரும்ப வந்து சொல்வதில்லை.

2018இல் ஆழ்வார்பேட்டை வேறொரு காட்சியைக் கண்டது. ஜூலை 28ஆம் தேதி அதிகாலையில் கருணாநிதி காவேரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவரைப் பார்க்கக் குடியரசுத் துணைத் தலைவர் வெங்கையா நாயுடு வந்தபோது, படுக்கையில் கிடக்கும் நோயாளியே தெரியும்படி எடுத்த படம் வெளியிடப்பட்டது. நிலைமை மோசமானபோது மோசம் என்று அறிக்கை வந்தது; ஆகஸ்டு 7ஆம் தேதி மாலை 6.10க்கு உயிர் பிரிந்ததாக அன்று மாலையே அறிக்கை வந்தது. வாசலில் அழுகைக்கும் கோஷத்துக்கும் குறைவில்லை, வதந்திகளும் இருக்கவே இருந்தன. என்றாலும் கொடி இறங்கி ஏறுகிற அவலம் நேரவில்லை. சானல்கள் அவைதாம், நிருபர்களும் ஏறக்குறைய அவர்களேதாம். வித்தியாசம் வாசலுக்கு உட்புறத்தில் இருந்தது. ஜெயலலிதா மருத்துவமனையில் பானம் அருந்துவதாகக் காட்டும் படமோ 2017 டிசம்பர் 20ஆம் தேதி வெளியாயிற்று. அதாவது, அவர் மறைந்து ஓராண்டு கழிந்து, ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலுக்கு முதல் நாள். காலத்தில் வந்திருந்தால் சாட்சியாக இருந்திருக்கக் கூடியது, அன்றைக்குத் துண்டுப் பிரசுரத்தின் கதியை அடைந்தது.

கடைசியாக ஒரு விசித்திரம். ஜெயலலிதாவின் மரணத்தை விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதி ஆறுமுகசாமி ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. சாட்சியங்களின்படி அவர் மறைந்தது 2016 டிசம்பர் 4ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்கும் 3.50க்கும் இடையில் என்று அந்த அறிக்கை கூறுகிறது. மருத்துவமனை சொன்னதோ 5ஆம் தேதி இரவு 11.30. ஐந்தாம் தேதி மாலை ஓடிய அந்தச் சிவப்புப் பட்டை, மருத்துவமனையின் கணக்குப்படி ஆறு மணி நேரம் முந்தியது. ஆணையத்தின் கணக்குப்படி ஒரு நாளுக்கு மேல் பிந்தியது. எது மெய் என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதியுமல்ல, வைத்தியனுமல்ல.

எனக்குப் பழக்கமான துணையாசிரியர் ஒருவர், சானல் ஒன்றில் அந்த மாலை பணியில் இருந்தவர், ஆணைய அறிக்கை வந்த வாரம் என்னைப் பார்த்தபோது வெகு உற்சாகமாக இருந்தார். "அன்னிக்கு நாங்க போட்டது கடைசில சரியாப் போச்சே, பாத்தீங்களா சார்!" என்றார். நம் தர்க்க சாஸ்திரத்தில் இதற்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு: தொலைவில் மூடுபனியைக் கண்டு, அதைப் புகை என்று எண்ணி, மலையில் நெருப்பிருக்கிறது என்று ஒருவன் சொல்கிறான், அங்கே வாஸ்தவமாகவே நெருப்பும் இருந்துவிடுகிறது. அவன் சொன்னது பலித்தாலும் அவனுக்கு இருந்தது அறிவல்ல என்பது சாஸ்திரக்காரர்கள் சிலரின் முடிவு. அவரிடம் சாஸ்திரம் பேசாமல், "போடறதுக்கு முன்னாடி உங்களுக்கு யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டேன்.

"பக்கத்து சானல்ல ஓடிச்சே சார்" என்றார்.